மையவிலக்குப் பம்பின் உள்ளமைப்பும் சென்னையின் நீரேற்ற வரலாறும்

மையவிலக்குப் பம்பு என்பது, சுழலும் சக்கரம் ஒன்றின் விசையால் நீரை மையத்திலிருந்து விளிம்புக்குத் தள்ளி, அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றி உயரத்துக்கு அனுப்பும் இயந்திரம். வீட்டு மாடியில் உள்ள தொட்டியை நிரப்பும் அரைக் குதிரைத்திறன் மோட்டாரும், எண்ணூர் அனல் மின்நிலையத்தின் கொதிகலனுக்கு நீர் ஊட்டிய பெரும் பம்பும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. அவற்றின் உள்ளே எந்தப் பாகம் எந்த இடத்தில், எவ்வளவு இடைவெளியோடு அமர்ந்திருக்கிறது என்பதே கிடைக்கும் நீரின் அளவையும் செலவாகும் மின்சாரத்தையும் தீர்மானிக்கிறது. அந்த இடைவெளிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானவை. அவற்றின் முக்கியத்துவத்தை மனிதர் கண்டுகொண்ட வரலாற்றையும், பெரம்பூர், வியாசர்பாடி, எண்ணூர் போன்ற வடசென்னைப் பகுதிகளுக்கு அதனோடு உள்ள தொடர்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பம்பின் உள்ளே

தேநீர்க் குவளையில் கரண்டியை வேகமாகச் சுழற்றினால் நடுவில் பள்ளம் விழும், ஓரத்தில் தேநீர் மேலேறும். மையவிலக்குப் பம்பை விளக்க நான் வகுப்பில் பயன்படுத்திய முதல் சோதனை இதுதான். பம்பில் கரண்டியின் வேலையைச் செய்வது இம்பெல்லர். அதன் நடுவில் உள்ள வாய் 'கண்' எனப்படும். நீர் கண் வழியாக நுழைந்து, வளைந்த இதழ்களுக்கு இடையே ஓடி, விளிம்பில் வேகமாக வெளியேறும். வெளியேறும் நீரைச் சேர்த்து வாங்குவது சுருள் கூடு. பொறியாளர்கள் இதை வால்யூட் என்பார்கள். நத்தை ஓட்டைப் போல, வெளிவாயை நோக்கிச் செல்லச் செல்ல இது அகன்றுகொண்டே போகும். அகலும் பாதையில் நீரின் வேகம் குறைந்து அழுத்தம் கூடும். சுருள் தொடங்கும் கூர்மையான முனைக்கு 'நாக்கு' என்று பெயர்.

இம்பெல்லர் சுழல்கிறது, கூடு அசைவதில்லை. எனவே இரண்டுக்கும் இடையே எங்காவது ஓர் இடைவெளி இருந்தே ஆகவேண்டும். பிஸ்டன் பம்பில் தோல் வாஷர் உருளையின் சுவரை ஒட்டி உரசி நீரை அடைத்துவிடும். மையவிலக்குப் பம்பில் அப்படி முழுமையாக அடைக்க வழியில்லை. ஏதோ ஓர் இடைவெளியை ஏற்றுக்கொண்டுதான் அது வேலை செய்கிறது. அந்த இடைவெளி எங்கே, எவ்வளவு என்பதே இவ்வியந்திரத்தின் முந்நூறாண்டுக் கேள்வி.

பம்பு வருவதற்கு முந்தைய சென்னை

சென்னையின் முதல் முறையான குடிநீர்த் திட்டம் 1772இல் அமைந்த ஏழு கிணறு. கோட்டைக்கு நீர் தருவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி தோண்டிய கிணறுகள் இவை. ஊரின் ஒரு பகுதிக்கே இன்றும் அப்பெயர் நிலைத்திருக்கிறது. கிணற்று நீரை மேலே கொண்டுவர அக்காலத் தமிழகத்தில் இருந்தவை ஏற்றமும் கவலையும்தான். இரண்டும் மனித உழைப்பையோ மாட்டின் உழைப்பையோ நம்பியவை.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1872இல், செங்குன்றம் ஏரியின் நீர் திறந்த மண் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. ஃபிரேசர் என்ற பொறியாளர் வகுத்த திட்டம் இது. தரைச் சரிவின் உதவியால் நீர் தானாகவே ஓடி வந்ததால் பம்பு தேவைப்படவில்லை. ஆனால் சரிவால் மட்டும் வரும் நீருக்கு அழுத்தம் குறைவு, வடிகட்டலும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே.டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளர் இரண்டையும் திருத்தினார். மண் கால்வாய்க்குப் பதிலாகக் கட்டுமானக் கால்வாய் வந்தது. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் நீராவியால் இயங்கும் நீரேற்று நிலையமும் அமைந்தன. அந்த நீரேற்று நிலையம் 1914 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அன்று முதல் இன்றுவரை சென்னைக் குழாயில் நீர் வருகிறதா இல்லையா என்பது ஏரியில் நீர் இருப்பதை மட்டுமல்லாமல் பம்பின் நிலையையும் பொறுத்ததாகிவிட்டது.

மேட்லியின் இன்னொரு பணி பாதாளச் சாக்கடை. வரலாற்று நூல்கள் குடிநீர்த் திட்டத்துக்குத் தரும் இடத்தில் பாதியைக்கூட இதற்குத் தருவதில்லை. வடசென்னையைப் பொறுத்தவரை இதுவே பெரிய கதை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

வளைந்த இதழின் வெற்றி

மையவிலக்கு விசையால் நீரை ஏற்றலாம் என்ற கருத்துக்கு இயந்திர வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு அறிஞர் டெனி பபின். 1689இல் நேரான இதழ்கள் கொண்ட கருவி ஒன்றை அவர் அமைத்தார். அதற்குப் பின் நூறாண்டுகளுக்கும் மேலாக இக்கருவி பெரிதாக வளரவில்லை. அமெரிக்காவில் 1818இல் வெளிவந்த மாசசூசெட்ஸ் பம்பும் நேர் இதழ்களையே கொண்டிருந்தது.

திருப்பம் 1851இல் லண்டனில் நடந்தது. பளிங்கு மாளிகை எனப்பட்ட கண்ணாடிக் கட்டடத்தில் கூடிய உலகக் கண்காட்சியில் ஜான் ஆப்போல்டு, பெஸ்ஸிமர், குவின் ஆகியோரின் பம்புகள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. எது சிறந்தது என்ற சர்ச்சை எழுந்ததும் அளந்து பார்த்தார்கள். ஆப்போல்டு செய்த வேலை ஆசிரியர்கள் மெச்சவேண்டிய ஒன்று. இதழ்களின் வடிவம் மட்டும் வேறுபடும் இம்பெல்லர்களை அவர் ஒப்பிட்டுக் காட்டினார். ஆரத்தின் போக்கிலேயே நேராக நின்ற இதழ்கள் 24 சதவீதத் திறனைத் தந்தன. சாய்ந்த நேர் இதழ்கள் 43 சதவீதம். சுழற்சிக்கு எதிர்ப்புறமாகப் பின்னோக்கி வளைந்த இதழ்கள் 68 சதவீதம். உலோகத்தின் அளவைக் கூட்டாமல், வேகத்தையும் மாற்றாமல், இதழ் நிற்கும் கோணத்தை மாற்றியதாலேயே திறன் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனது.

இதன் காரணம் எளிது. நேர் இதழின் நுனியில் நீர் மிக வேகமாகச் சுழன்றபடி வெளியேறும். அந்த வேகத்தைக் கூடு முழுவதும் அழுத்தமாக மாற்ற முடியாது. பெரும்பகுதி சுழிப்பாகவும் வெப்பமாகவும் வீணாகும். பின்னோக்கி வளைந்த இதழிலோ நீர் இதழுக்குள்ளேயே ஓரளவு அழுத்தம் பெற்று, அடக்கமான வேகத்தில் வெளியே வருகிறது.

ஆப்போல்டின் பம்பு கண்காட்சியோடு நிற்கவில்லை. இங்கிலாந்தின் விட்டில்சி என்ற பெரிய ஏரியை வற்றவைத்து விளைநிலமாக்கும் பணிக்கு அதே ஆண்டுகளில் அது பயன்பட்டது. நிறைய நீரைக் குறைந்த உயரத்துக்கு ஏற்றும் வேலை அது. உயரத்துக்கு ஏற்றும் வேலையில் பிஸ்டன் பம்புகளே தொடர்ந்து கோலோச்சின. அந்நிலையை மாற்ற வழிகாட்டியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். பாயங்களின் ஓட்டத்தைப் படிக்கும் மாணவர்கள் ரெனால்ட்ஸ் எண் என்று உச்சரிக்கும் அதே ரெனால்ட்ஸ்தான். இம்பெல்லரைச் சுற்றி அசையாத வழிகாட்டி இதழ்களை வைக்கும் அமைப்புக்கு 1875இல் அவர் காப்புரிமை பெற்றார். இம்பெல்லர்களை ஒரே தண்டில் அடுக்கடுக்காகக் கோத்து, ஒன்றின் நீரை அடுத்ததற்கு ஊட்டும் பலநிலைப் பம்பும் இவ்வழியில் வளர்ந்தது. மின்மோட்டார் பரவியதும் போட்டி முடிந்தது எனலாம். நம் நாட்டு மின்சாரத்தில் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,440 அல்லது 2,880 சுற்று சுழலும். அந்த வேகம் பிஸ்டனுக்கு ஒத்துவராது, இம்பெல்லருக்கோ மிகவும் பொருந்தும்.

தேய்வளையம்

இம்பெல்லரிலிருந்து வெளியேறிய உயரழுத்த நீர், கூட்டுக்கும் இம்பெல்லருக்கும் இடையே உள்ள சந்து வழியாக மீண்டும் கண்ணுக்கே திரும்பப் பார்க்கும். ஏற்றிய நீரையே மறுபடி ஏற்றுவது வீண் வேலை. இதைத் தடுக்கக் கண்ணைச் சுற்றி ஒரு வளையம் பொருத்தப்படுகிறது. இதைப் பட்டறையில் வேர் ரிங் என்பார்கள். தேய்வதற்கென்றே வைக்கப்பட்டு, தேய்ந்ததும் மாற்றப்படுவதால் தேய்வளையம் என்று தமிழில் சொல்லலாம்.

அதன் இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். வளையத்தின் விட்டம் 120 மி.மீ., ஒரு பக்க இடைவெளி 0.2 மி.மீ. என்று கொள்வோம். சந்தின் பரப்பு ஏறக்குறைய 75 சதுர மி.மீ. வளையத்தின் இரு பக்கங்களுக்கும் இடையே 25 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான அழுத்த வேறுபாடு இருந்தால், உராய்வைக் கழித்துப் பார்க்கையில் நீர் நொடிக்குச் சுமார் 11 மீட்டர் வேகத்தில் பாயும். அதாவது நொடிக்கு 0.8 லிட்டர் கசிவு. பம்பு நொடிக்கு 20 லிட்டர் தருவதாயின் இது 4 சதவீதம். வளையம் தேய்ந்து இடைவெளி 0.4 மி.மீ. ஆனால் கசிவு 8 சதவீதத்தைத் தாண்டும். அஞ்சலட்டை ஒன்றின் தடிமன் அளவுகூட இல்லாத தேய்மானம் இது. காதுக்கு எதுவும் கேட்காது, கண்ணுக்கும் எதுவும் தெரியாது. தொட்டி நிரம்ப முன்பைவிடக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். 'தண்ணி இழுக்கல, கிணத்துல ஊத்து கொறஞ்சிருச்சு' என்று வீட்டுக்காரர் முடிவு செய்துவிடுவார்.

அப்படியானால் இடைவெளியை இன்னும் குறைத்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. கூடாது. தண்டு சுழலும்போது சிறிது வளைகிறது. பம்பு தனக்குரிய அளவைவிட மிகக் குறைவாகவோ கூடுதலாகவோ நீர் தரும்போது, சுருள் கூட்டுக்குள் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக இராது. அது இம்பெல்லரை ஒரு பக்கமாகத் தள்ளும். இந்தப் பக்கவிசையைக் கணக்கிடும் முறையை 1948இல் வெளிவந்த தம் நூலில் ஸ்டெப்பனாஃப் விளக்கினார். இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் வளையும் தண்டு வளையத்தோடு உரசும். நீரில் மணல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இதனால்தான் 1954இல் முதலில் வெளியான ஏபிஐ 610 என்ற அமெரிக்கப் பெட்ரோலியத் துறைத் தரநூல், இடைவெளி எவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று வரையறை சொல்கிறது. சிறிய வளையங்களுக்குக்கூட விட்டக் கணக்கில் 0.25 மி.மீ. அதன் கீழ்வரம்பு. சுத்திகரிப்பு ஆலைகளின் பம்புகள் உலகெங்கும் பெரும்பாலும் இந்தத் தரநூலைப் பின்பற்றியே வாங்கப்படுகின்றன.

இந்த வளையத்துக்கு இன்னொரு பணி உண்டு என்பதை 1950களில் லொமாக்கின் என்ற சோவியத் பொறியாளர் எடுத்துக்காட்டினார். சந்து வழியாகப் பாயும் நீரே ஒரு பேரிங் போலத் தண்டைத் தாங்குகிறது. ஆகவே வளையம் தேய்ந்தால் கசிவு கூடுவதோடு தண்டின் தாங்குதலும் குறைகிறது. தாங்குதல் குறைந்தால் தண்டு மேலும் அசையும், அசைந்தால் மேலும் தேயும். நீளமான தண்டு கொண்ட பலநிலைப் பம்புகளில் பழுது தொடங்கியபின் விரைவாக முற்றுவதற்கு இது ஒரு காரணம்.

தண்டின் போக்கில் இம்பெல்லரின் இடம்

தேய்வளையத்தைப் பற்றிப் பேசும் பலரும் மறந்துவிடுவது, இம்பெல்லர் தண்டின் போக்கில் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை. இம்பெல்லரின் வெளிவாயின் நடுக்கோடு, கூட்டின் அல்லது வழிகாட்டி இதழ்களின் நடுக்கோட்டோடு ஒன்றவேண்டும். இரண்டு மி.மீ. தள்ளிப்போனாலும் நீர் ஒரு பக்கச் சுவரில் மோதித் திரும்பும். திறன் குறைவதோடு, இம்பெல்லரின் முன்பக்கமும் பின்பக்கமும் பெறும் அழுத்தம் மாறித் தண்டை ஒரு திசையில் இழுக்கும். பேரிங் சூடாவது அதன் அறிகுறி. இருபுறமும் நீரை உறிஞ்சும் பெரிய நகராட்சிப் பம்புகளின் சிறப்பே இரு பக்க விசைகளும் ஒன்றையொன்று சமன்செய்வதுதான். இம்பெல்லர் நடுவில் இல்லாவிட்டால் அந்தச் சிறப்பு போய்விடும்.

இப்பிழை பெரும்பாலும் பழுதுபார்த்த பிறகு நேர்வது. பழைய கேஸ்கட்டை எடுத்துவிட்டுக் கையில் கிடைத்த தடித்த அட்டையை வெட்டி வைத்தாலே இம்பெல்லரின் இடம் மாறிவிடும். எண்ணூர் போன்ற அனல் மின்நிலையங்களில் இதை எப்படிக் கவனமாகச் செய்வார்கள் என்பது அறியத்தக்கது. எண்ணூர் நிலையம் 1970இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. ஐந்து அலகுகளுமாக 450 மெகாவாட் திறன் கொண்ட அது 2017 மார்ச்சில் மூடப்பட்டது. இத்தகைய நிலையங்களில் கொதிகலனுக்கு நீர் ஊட்டும் பலநிலைப் பம்பு பல நேரங்களில் 100 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலாக வேலை செய்யும். நிலையம் தன் தேவைக்காகச் செலவிடும் மின்சாரத்தில் பெரும்பங்கு இதற்கே போகும். இப்பம்பைப் பூட்டும்போது தண்டை முன்னே முட்டும்வரை தள்ளி, டயல் கேஜில் அளவெடுப்பார்கள். பின்பு பின்னே முட்டும்வரை இழுத்து அளவெடுப்பார்கள். மொத்த அசைவு 8 மி.மீ. என்றால், அதை நடுவில், அதாவது 4 மி.மீ.யில் நிறுத்துவது பொதுவான தொடக்க நிலை. சமன்தட்டு பொருத்திய பம்புகளில் அத்தட்டின் இடைவெளிக்கேற்பச் சற்று மாற்றம் இருக்கும்.

கிணற்றிலும் ஏரியிலும் நீண்ட தண்டோடு செங்குத்தாக நிற்கும் டர்பைன் பம்புகளில் வேறொரு நுட்பம் உண்டு. நீரின் அழுத்தம் இம்பெல்லரைக் கீழே தள்ளுவதால் ஓடும்போது தண்டு நீளும். எஃகு நீளுமா என்று நகைக்கவேண்டாம், பதினொன்றாம் வகுப்பு யங் குணகத்தைக் கொண்டு நாமே கணக்கிடலாம். தண்டின் நீளம் 30 மீட்டர், விட்டம் 40 மி.மீ., கீழ்நோக்கு விசை 2,000 கிலோ எடைக்குச் சமம் எனில் நீட்சி 2.3 மி.மீ.க்கு மேல் வருகிறது. மேல்மூடி இல்லாத இம்பெல்லரின் இதழ் விளிம்புக்கும் கூட்டுக்கும் இடையே ஓடும்போது இருக்கவேண்டிய இடைவெளியோ பெரும்பாலும் அரை மி.மீ.க்கும் குறைவு. எனவே நிறுத்திய நிலையில் மோட்டாரின் உச்சியில் உள்ள நட்டைத் திருகி, இந்த நீட்சியையும் சேர்த்துத் தண்டை உயர்த்தி வைக்கவேண்டும். குறைவாக உயர்த்தினால் இதழ் கூட்டில் உரசும். அளவுக்கு மீறி உயர்த்தினால் நீர் இதழைத் தாண்டி வழிந்து, பம்பு ஓடியும் பயனில்லாமல் போகும். கிணற்றின் அடியில் நடப்பதை மேலே நின்று ஒரு நட்டின் சுற்றுகளால் திருத்தும் இந்த ஏற்பாடு, எனக்கு இவ்வியந்திரத்தின் மிக அழகிய பகுதியாகத் தோன்றுகிறது.

நாக்குக்கும் இதழுக்கும் இடையே

ஒவ்வோர் இதழும் நாக்கைக் கடக்கும்போது நீரில் ஒரு சிறு அடி விழும். ஐந்து இதழ்கள், நிமிடத்துக்கு 1,440 சுற்று என்றால் நொடிக்கு 120 அடிகள். பம்பின் அருகே கேட்கும் 'ம்ம்ம்' என்ற இரைச்சலில் இதற்கும் பங்குண்டு. நாக்கை இதழுக்கு மிக நெருக்கமாக வைத்தால் திறன் சற்றே கூடும். ஆகவே பழைய வடிவமைப்பாளர்கள் நெருக்கமாகவே வைத்தார்கள். பம்புகள் சிறியவையாக இருந்தவரை கேடு தெரியவில்லை.

1960களிலும் 70களிலும் அனல் மின்நிலையங்கள் பெரியவை ஆனபோது ஊட்டுநீர்ப் பம்புகள் உலகெங்கும் அடிக்கடி உடைந்தன. அமெரிக்காவில் எலமர் மக்காய் என்ற பொறியாளர் இப்பழுதுகளைத் திரட்டி ஆராய்ந்தார். அவரது ஆய்வறிக்கை 1978இல் வெளியானது. அவர் இரண்டு இடைவெளிகளைப் பிரித்துக் காட்டினார். இதழ் நுனிக்கும் நாக்குக்கும் இடையே உள்ளது ஒன்று. இம்பெல்லரின் பக்கத்தட்டு விளிம்புக்கும் கூட்டுக்கும் இடையே உள்ளது மற்றொன்று. முதலாவது தாராளமாக இருக்கவேண்டும். வழிகாட்டி இதழ் கொண்ட பம்பில் இம்பெல்லர் ஆரத்தின் 4 சதவீதத்துக்கும், சுருள் கூட்டுப் பம்பில் 6 சதவீதத்துக்கும் குறையக்கூடாது. இரண்டாவது இறுக்கமாக, ஒன்றேகால் மி.மீ. அளவில் இருக்கவேண்டும். அதுவரை பல பம்புகளில் இது தலைகீழாக இருந்தது. புதிய பம்பு வாங்காமல், இருக்கும் இம்பெல்லரின் இதழ் நுனியை மட்டும் கடைந்து குறைத்து, பக்கத்தட்டை அப்படியே விட்டதாலேயே பல இடங்களில் அதிர்வு அடங்கியது.

வீட்டு மோட்டாருக்கு இந்த நுட்பம் தேவையில்லை. அங்கே அடி சிறியது, கூடு அதைத் தாங்கும்.

கோயம்புத்தூர்

இந்தியாவின் முதல் மையவிலக்குப் பம்பை மகாராஷ்டிரத்தின் கிர்லோஸ்கர்வாடியில் 1926இல் செய்தார்கள். தமிழகத்தில் இத்தொழிலின் தாயகம் கோவை. நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் செய்த வார்ப்பாலைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. ஆழ்கிணற்றுப் பாசனம் நம்பிய உழவர்கள் இருந்தார்கள். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரமும் வந்தது. மூன்றும் சேர்ந்ததில் பம்புசெட் பிறந்தது. மோட்டாரையும் பம்பையும் ஒரே தண்டில் இணைத்த மோனோபிளாக் வகை பின்னாளில் சிற்றூர்களில் பரவியதற்கும் உள்ளமைப்பே காரணம் என்பேன். தனித்தனியாக இருந்தபோது இரண்டு தண்டுகளையும் நேர்க்கோட்டில் நிறுத்த ஆள் தேவைப்பட்டது. ஒரே தண்டானதும் அந்த வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிட்டார்கள்.

நீர்மூழ்கிப் பம்புக்கு ஐஎஸ் 8034, மோனோபிளாக்குக்கு ஐஎஸ் 9079 என்று இந்தியத் தரநிலைகள் குறைந்தபட்சத் திறனை வரையறுத்துள்ளன. கோவையின் சிடார்க் போன்ற சோதனைக்கூடங்கள் பம்பை ஓட்டி அளந்து சொல்கின்றன. ஆயினும் தரச்சான்று புதிய பம்புக்குத்தான். ஐந்தாண்டு மணல் நீரில் ஓடிய பம்பை யாரும் அளப்பதில்லை. தமிழகத்தில் 1990 முதல் உழவர்களுக்கு மின்சாரம் இலவசம். பாசனத்துக்கு அது செய்த நன்மை பெரிது, அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தேய்ந்த வளையத்தின் இழப்பு கட்டண ரசீதில் தெரியாதபோது அதை மாற்றவேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை என்பதும் உண்மை.

ரசீது வரும் இடத்தில் அந்த இழப்பு எவ்வளவு? நொடிக்கு 100 லிட்டர் நீரை 30 மீட்டர் ஏற்றும் நகராட்சிப் பம்பை எடுத்துக்கொள்வோம். நீருக்குத் தேவையான திறன் 29.4 கிலோவாட். பம்பின் திறன் 75 சதவீதம் என்றால் தண்டுக்கு 39 கிலோவாட் வேண்டும். 60 சதவீதமாகக் குறைந்தால் 49 கிலோவாட். நாளுக்கு 20 மணிநேரம் ஓடினால் ஆண்டுக்கு 71,000 யூனிட்டுக்கும் மேல் வீண். இது ஒரே ஒரு பம்பின் கணக்கு.

சாக்கடைப் பம்பு

இதுவரை சொன்னதெல்லாம் தெளிந்த நீருக்கு. பெரம்பூர்க்காரர்கள் நன்கறிந்த நீர் வேறு.

சென்னை மிகத் தட்டையான ஊர். கடல்மட்டத்துக்கு மேல் அதன் சராசரி உயரம் சுமார் ஏழு மீட்டர்தான். சாக்கடைக் குழாயை 300 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவில் பதித்தால் மூன்று கிலோமீட்டரில் அது பத்து மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும், அதாவது கடல்மட்டத்துக்கும் கீழே. எனவே மேட்லி நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தாழ்ந்த இடத்திலும் நீரேற்று நிலையம் அமைக்கும் முறையை வகுத்தார். வடபகுதியின் கழிவு இறுதியில் சேரும் இடம் கொடுங்கையூர். 1978இல் உருவான சென்னைக் குடிநீர் வாரியம் இவ்வமைப்பை ஏற்று விரிவாக்கியது. மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும் நீரை இறைக்க ஓடும் மோட்டார்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

சாக்கடையில் துணியும் முடியும் பிளாஸ்டிக்கும் வரும். நெருக்கமான இதழ்கள் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் சென்னையைப் போலவே தாழ்வான நகரமான நியூ ஆர்லியன்ஸில் ஆல்பர்ட் பால்ட்வின் வுட் என்ற பொறியாளர் இச்சிக்கலோடு போராடினார். குப்பையை அடைக்காமல் கடத்தும் பம்பை அவர் 1915இல் உருவாக்கினார். இதழ்களின் எண்ணிக்கையைக் குறைத்து, பாதையை அகலமாக்குவதே இவ்வகைப் பம்புகளின் அடிப்படை. அதன்பின் இம்பெல்லரையே கூட்டின் பின்புறப் பள்ளத்துக்குள் தள்ளி வைக்கும் சுழிப் பம்புகள் வந்தன. இதில் இம்பெல்லர் கூட்டின் நடுவில் நிற்பதில்லை. ஓரத்தில் ஒதுங்கி நின்று முன்னால் ஒரு நீர்ச்சுழியை உண்டாக்கும். கழிவின் பெரும்பகுதி இதழைத் தொடாமலே அச்சுழியோடு வெளியேறிவிடும். இரண்டு மி.மீ. தள்ளினாலே இழப்பு என்று மேலே சொன்னோம், இங்கே வேண்டுமென்றே முழுதாகத் தள்ளி வைக்கிறார்கள். திறன் பெரிதும் குறையும். நல்ல தண்ணீர்ப் பம்பு 75 சதவீதம் தரும் இடத்தில் இது 50 சதவீதத்தைத் தொட்டாலே பெரிது.

மின்சாரக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது முட்டாள்தனமாகத் தோன்றும். பம்பு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது. நீரேற்று நிலையம் நின்றால் சில மணிநேரத்தில் தாழ்வான தெருக்களின் ஆள்நுழைவுக் குழிகள் பொங்கும். அடைப்பை எடுக்கக் கிணறு போன்ற தொட்டிக்குள் யாராவது இறங்கவேண்டிவரும். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில மூச்சிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. மனிதரை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. அதற்குப் பிறகும் நாட்டின் பல ஊர்களில் சாவுகள் நின்றபாடில்லை. நீரில் மூழ்கி இயங்கும் இன்றைய சாக்கடைப் பம்புகளை வழிகாட்டிக் கம்பிகளில் சறுக்கி இறக்கி, பழுதானால் சங்கிலியால் மேலே இழுத்துக்கொள்ளலாம். கீழே வெளிக்குழாயின் வாயில் பம்பு தன் எடையாலேயே அமர்ந்து பொருந்திக்கொள்ளும், போல்ட் முடுக்க ஆள் இறங்கத் தேவையில்லை. அந்தப் பொருத்துமுகத்தில் குப்பை சிக்கிப் பம்பு சற்றே சாய்ந்து அமர்ந்தால் நீர் அங்கேயே கசிந்து தொட்டிக்குள் திரும்பும். ஓட்டுநர் அதை அறிய ஒரே வழி, மேலே உள்ள அம்மீட்டரையும் தொட்டியின் நீர்மட்டத்தையும் ஒருசேரப் பார்ப்பது: மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், மட்டம் இறங்காது. அப்போது பம்பைச் சங்கிலியால் ஒரு முழம் தூக்கி மறுபடி இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.